இடக்கைப் பையனும் பதினொரு கோடுகளும்

போன மாதம் எனக்குப் பிரியாவிடை கொடுத்தார்கள். கிளப் மண்டபத்தில் தேநீர், லாமிங்டன் கேக், பாராட்டுரை எல்லாம் முடிந்து நான் என் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, கமராப் பிரிவில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி வந்து கேட்டாள். "கமரா இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் பார்த்து எழுதினீர்களே, எத்தனை பேரைப் பிழையாக எழுதியிருப்பீர்கள்?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. இப்போது மைதானத்தைச் சுற்றிக் கமராக்கள் நிற்கின்றன. பந்து எத்தனை சுற்றுச் சுற்றியது, முழங்கை எந்தக் கோணத்தில் வந்தது என்பதெல்லாம் பையன் வியர்வை துடைப்பதற்குள் அவளுடைய திரைக்கு வந்துவிடும். நான் "கணக்கு வைக்கவில்லை" என்று சொல்லி இன்னொரு லாமிங்டனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் மேலே கேட்கமாட்டார்கள் அல்லவா.

என் கண் பிழைத்த இடங்கள் பல. அவற்றுக்காக நான் வெட்கப்படவில்லை, அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பது. கண் சரியாகப் பார்த்தும் கை பிழையாக எழுதிய இடம் ஒன்று இருக்கிறது. அதை அந்தப் பிள்ளையிடம் கேக் தட்டோடு நின்று சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்லவேண்டும். இருபத்திரண்டு வருடம் இதைச் செய்திருக்கிறேன், இன்னும் என் மனைவியின் சொந்தக்காரர்களுக்கு விளங்கவில்லை. கோயிலில் கண்டால் "இன்னும் அந்த விளையாட்டு வேலைதானோ?" என்று கேட்பார்கள். பேஸ்பால் என்றால் நம்மவர் முகத்தில் ஒரு மரியாதையான வெறுமை வரும். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையன்களை ஆண்டுக்கு ஒருமுறை தொழில்முறை கிளப்புகள் முறை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்கு முன் மாதக்கணக்காக ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு பையனையும் பார்த்து மதிப்பெண் எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்துப் பையன்கள் அந்த டிராஃப்டில் வரமாட்டார்கள், அவர்களை நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். ஆனால் படிவம் ஒன்றுதான், அளவுகோல் ஒன்றுதான். இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஐம்பது என்றால் பெரிய ஆட்டத்தில் ஆடும் ஒரு சராசரி ஆள். பள்ளிக்கூடப் பையனுக்கு ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்கள் போடவேண்டும், இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. அமெரிக்க கிளப் ஒன்றுக்காக ஆக்லாந்தில் இருந்துகொண்டு இந்த இரண்டு எண்களையும் எழுதுவதுதான் என் தொழில்.

இதற்குள் நான் வந்த கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் எனக்குத் துடுப்பும் பிடிக்கத் தெரியாது, பந்தும் போடத் தெரியாது. ஆனால் கிரிக்கெட் என்றால் உயிர். அதனால் ஸ்கோர் எழுத விட்டார்கள். அகதியாக இங்கே வந்து, ஏவன்டேலில் வாடகைக்கு இருந்து, கூரியர் வான் ஓட்டினேன். ஒருநாள் ஒரு மைதானத்துக்குப் பந்துப் பெட்டி கொண்டுபோனேன். அங்கே பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், வான் கதவில் சாய்ந்துகொண்டு டெலிவரிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு எறியையும் புள்ளியும் கோடுமாகக் குறித்துக்கொண்டு நின்றேன். பேஸ்பாலில் எதற்கு என்ன குறி என்று தெரியாது, நானே உண்டாக்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட வந்த பெண் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சனிக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்டார்.

அவர்தான் மெரேனா. மாவோரிப் பெண். இளமையில் நாட்டின் பெயர் சொல்லும் சாஃப்ட்பால் கேட்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். பந்து பட்டுப் பட்டு அவருடைய வலது கை விரல்கள் நாலும் நாலு திசை பார்க்கும். பசிபிக் பகுதி முழுவதற்கும் அந்தக் கிளப்பின் கண் அவர்தான். அவரோடு நான் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை நான் செய்த கோமாளித்தனத்தை மறைக்க விரும்பவில்லை. கிரிக்கெட்டில் பந்தைச் சரியாகப் பார்க்கவேண்டும் என்றால் போடுகிறவனுக்குப் பின்னால், எல்லைக்கு வெளியே இருக்கவேண்டும். நானும் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் போய், குடையும் பிடித்து, தனியே உட்கார்ந்திருந்தேன். மெரேனா மைதானத்தைச் சுற்றி நடந்து வந்து, "யோகன், பந்து போகிற இடம் அந்தப் பக்கம்" என்றார். நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பந்தை எதிர்கொள்பவனுக்குப் பின்னால், கம்பிவலைக்கு வெளியே, மற்ற கிளப்புகளின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த வரிசையில் எதற்கும் சிரிக்கக்கூடாது, தலையாட்டக்கூடாது, கைதட்டவே கூடாது. நம் முகத்தைப் பார்த்து அடுத்தவன் படித்துவிடுவான்.

மெரேனா பையன்கள் வருமுன் வந்துவிடுவார். கார் நிறுத்தும் இடத்தில் நின்று, பையை யார் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள், பையனா, தாயா என்று பார்ப்பார். ஆட்டம் தொடங்கினால் முதல் சுற்றில் வேகம் காட்டும் ரேடார் கன்னைக் கையில் எடுத்துப் பந்தை மட்டும் பார்ப்பார். இரண்டாம் சுற்றில் அதைப் பைக்குள் வைத்துவிடுவார். அந்தச் சுற்று முழுவதும் பந்தைப் பார்க்கவே கூடாது. பந்து விட்டபின் அந்தக் கை என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்கவேண்டும். தொங்குகிறதா, உதறுகிறதா, எங்கே போய்த் துடைக்கிறது என்று கவனிக்கச் சொல்வார். மூன்றாம் சுற்றில் முகம். தன் கூட்டாளி லேசான பந்தைத் தவறவிடும்போது எறிந்தவன் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பந்து போகிற திசைக்குக் கழுத்துத் தானாகத் திரும்பும். அதை நிறுத்தப் பழக எனக்கு ஒரு முழுக் கோடைகாலம் போனது.

ஆட்டம் முடிந்தபின் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவரவர் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கையை எழுதிமுடிக்கவேண்டும். அதற்குப் பிறகு ஜன்னல் வழியாக மாற்றிக்கொள்வோம். என் முதல் அறிக்கையில் "அருமையான எறி" என்று எழுதியிருந்தேன். "அருமை மணிக்கு எத்தனை மைல்?" என்று கேட்டு அதை வெட்டினார். அன்றைக்கு என் பக்கத்தில் வெட்டாமல் தப்பியது பையனின் பெயரும் உயரமும்தான். அவர் படிவத்தைக் கீழிருந்து மேலே படிப்பார். கடைசிப் பெட்டியில் உடல்நிலை எழுதவேண்டும். காயம், வலி, அறிகுறி ஏதும் கண்டால் அதில் எழுதுவது. அதைப் படித்த பின்புதான் வேகம், கட்டுப்பாடு எல்லாம். "மேலே எழுதியிருப்பது கிளப்புக்கு. கீழே எழுதியிருப்பது அந்தப் பிள்ளைக்கு" என்பார்.

அவர் பார்வை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த டொங்காத் தீவுக்காரப் பையன் ஒருவன், நாங்கள் பார்த்த அன்று நாலு முறை மட்டை பிடித்தான், நாலு முறையும் பந்தைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த ஆட்கள் குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். மெரேனா மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். அவன் ஒவ்வொரு முறை தோற்றுத் திரும்பும்போதும் அடுத்துப் போகிறவனின் தோளைப் பிடித்து ஏதோ சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் போனவன் நாலில் மூன்று முறை அடித்திருக்கிறான். "இவனுக்குக் கண் தெரிகிறது, கை இன்னும் வரவில்லை. கை வரும்" என்றார். அந்தப் பையனை ஒப்பந்தம் செய்தோம். அமெரிக்காவில் மூன்று படி ஏறி ஆடினான். இப்போது அங்கேயே பயிற்சியாளன். எனக்கு மெரேனாவின் மேல் இருந்த மரியாதை அன்றைக்குப் பக்தியாக மாறியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்படிப் பதின்மூன்று வருடம் போனபின் நகுல் வந்தான்.

கிளென்ஃபீல்டில் இருந்த கோயம்புத்தூர்க் குடும்பம். அப்பா முரளி ஐடி வேலை, அம்மா சுமதி நர்ஸ். பிள்ளை இங்கே பிறந்தவன், பதினேழு வயது, இடது கையால் எறிபவன். இத்தனை வருடத்தில் மாவோரி, சமோவா, வெள்ளை, கொரியப் பையன்கள் என்று நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பையன் ஒருவனையும் கண்டதில்லை. முதல்முறை அவன் பெயரைப் பட்டியலில் படித்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நவம்பரில் நானும் மெரேனாவும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். தோள் தளர்வாக, எறி ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் இருந்து, எண்பத்தேழு மைல். கூட்டாளி பந்தை விட்டபோது அவன் கையுறையை உயர்த்தி "பரவாயில்லை" என்று காட்டினான். வேகத்துக்கு இன்றைக்கு நாற்பது, நாளைக்கு ஐம்பத்தைந்து என்று இருவரும் தனித்தனியே ஒரே எண்ணை எழுதியிருந்தோம்.

முரளி நல்ல மனுஷன். மகனுக்காக அந்த ஆட்டத்தை யூடியூபில் படித்தவர். துறைமுகப் பாலத்து நெரிசலில் வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு ஓட்டிக்கொண்டு வருவார். என்னைக் கண்டால் "அண்ணா, நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சதே எங்களுக்குப் பெரிய தெம்புங்க" என்பார். அந்தத் தெம்பு எனக்கும் இனித்தது.

பெப்ரவரியில் இரண்டாம் முறை பார்க்கவேண்டிய நாளில் மெரேனா பிரிஸ்பனில் இருந்தார். நான் தனியே போனேன். முதல் சுற்றில் எல்லாம் சரி. இரண்டாம் சுற்றில் ரேடார் கன்னைப் பையில் வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். வளைந்து விழும் பந்து ஒன்றை எறிந்தபின் நகுல் மோதிர விரலையும் சுண்டு விரலையும் காற்சட்டையில் தேய்த்தான். என் பென்சில் தானாக ஒரு கோடு போட்டது. அடுத்த வளைபந்துக்கு மறுபடியும் அதே இரண்டு விரல்கள். இன்னொரு கோடு. நாலாம் சுற்றில் வேகம் எண்பத்திமூன்றுக்கு இறங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தபோது என் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் பதினொரு கோடுகள் இருந்தன.

அந்த இரண்டு விரல்கள் மரத்துப்போனால் முழங்கையின் உட்பக்க நரம்பைப் பார்க்கவேண்டும், அங்கே இருக்கும் தசைநாரில் ஏதோ பழுது என்று மெரேனா எனக்குக் காட்டித் தந்திருக்கிறார். பெருவிரல் என்றால் வியர்வை என்று விடலாம். இந்த இரண்டும் என்றால் விடமுடியாது. எனக்கு அது தெரியும்.

காருக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஆக்லாந்தின் பெப்ரவரிப் புழுக்கம், கையில் வியர்வை இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாம் சுற்றில் யாருக்குத்தான் வேகம் குறையாது என்றேன். ஒரு தமிழ்ப் பையன், முதல் தமிழ்ப் பையன், என் கையால் போகிறான் என்ற ஆசை மற்றதையெல்லாம் மூடியது. கடைசிப் பெட்டியில் "எதுவும் காணவில்லை" என்று எழுதினேன். பதின்மூன்று வருடத்தில் அந்தப் பெட்டியில் நான் எழுதிய முதல் பொய்.

மெரேனா என் அறிக்கையை நம்பித் தன் கையெழுத்தோடு மேலே அனுப்பினார். அடுத்த வாரமே பதில் வந்தது. கார்ல் என்பவர் வருகிறார். ஒருவர் எழுதியதை நேரில் பார்த்துச் சரிபார்க்கிற பெரிய ஆள். அமெரிக்காவில் பள்ளிக்கூட ஆட்டங்கள் தொடங்கிவிட்ட காலம், டிராஃப்டுக்கு முன் அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு ஊர். அதில் நாலு நாளை வெட்டி எங்களுக்குத் தருகிறார். புதன்கிழமை விமானம். சனிக்கிழமை நகுல் அவர் முன் எறியவேண்டும். முரளி போனில் சொன்னார், "அண்ணா, கோயில்ல அவன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தோமுங்க."

அதற்கு முன் வந்த ஞாயிறு காலை ஏவன்டேல் சந்தையில் வதனி வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வதனி என் மனைவி. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு கிழமையா ஒரு மாதிரி இருக்கிறியள். என்னெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். சனங்கள் இடித்துக்கொண்டு போக, அந்த நெரிசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் தாய் நேர்ஸ் எண்டெல்லோ சொன்னனீங்கள். அவவுக்குத் தெரியாதே?"

"பெடியன் ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் போல."

"நீங்களும் சொல்லேல்லை" என்றாள் வதனி. வெண்டிக்காயை நிறுக்கக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அந்தப் பையன் அமெரிக்காவில் இருந்து வந்த ஆளுக்கு முன்னால் தன் உயிரைக் கொடுத்து எறிவான். தசைநார் அறுந்தால் அது என் கையெழுத்தால் அறுந்தது. ரயில் பாதைப் பக்கம் ஒதுங்கி மெரேனாவுக்கு போன் எடுத்தேன். நகுல் விரல்களைத் தேய்த்ததைக் கண்டும் கடைசிப் பெட்டியில் நான் எழுதியது பொய் என்றேன்.

"எந்த விரல்கள்?" என்று கேட்டார்.

"மோதிர விரலும் சுண்டு விரலும்."

"எத்தனை தடவை?"

"பதினொன்று."

"எண்ணியிருக்கிறாய்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கூனிக்குறுகிப் போனேன். அவர் திட்டவில்லை. "கார்லின் விமானத்தை நான் நிறுத்துகிறேன். நீ அறிக்கையைத் திருத்தி எழுது. பழையதைக் கிழிக்காதே, இரண்டும் இருக்கவேண்டும். குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் நில்."

மூன்று மணிக்குக் கிளென்ஃபீல்டில் முரளி வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். முரளி ஓடி வந்து கதவைத் திறந்தார். "வாங்கண்ணா, வாங்க. மேடம் கூட வந்திருக்காங்க. சுமதி, காபி போடு." அவருக்கு நல்ல செய்தி என்று நினைப்பு. நகுல் மாடிப்படியில் வந்து நின்றான்.

நான்தான் சொல்லவேண்டும் என்று மெரேனா காரில் இருந்து இறங்கும்போதே சொல்லியிருந்தார். சொன்னேன். கார்ல் வரவில்லை என்பதையும் ஏன் என்பதையும் சொன்னேன். நான் கண்டதையும் எழுதாமல் விட்டதையும் ஒளிக்கவில்லை.

முரளி முகம் வெளுத்துப் போயிற்று. "அண்ணா, ஒரே ஒரு கேமுங்க. அவர் வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் எத்தனை மாசம் வேணும்னாலும் ரெஸ்ட் குடுத்துக்கலாமுங்க."

"அந்த ஒரு ஆட்டத்திலைதான் கை போகும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க டாக்டரா?" குரல் உடைந்தது. "நீங்க நம்ம ஆளுன்னு நெனச்சேனுங்க."

"நம்மட ஆள் எண்டு நினைச்சபடியாத்தான் தம்பி நான் பிழை விட்டனான்" என்றேன்.

மெரேனாவுக்கு எங்கள் பேச்சு விளங்கியிருக்காது. ஆனால் அவர் முரளியைப் பார்க்கவே இல்லை. சுமதியைப் பார்த்து, "நீங்கள் நர்ஸ் என்று கேள்விப்பட்டேன். என் விரல்களை விட உங்கள் விரல்கள் நேராக இருக்கின்றன. ஒருமுறை தொட்டுப் பாருங்கள்" என்றார். சுமதி காபித் தட்டை வைத்துவிட்டு மகனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இடது முழங்கையின் உட்பக்கத்தைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினாள். நகுல் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தான்.

"எப்ப இருந்துடா?"

கிறிஸ்துமஸில் இருந்து என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"அம்மாகிட்ட ஏண்டா சொல்லல?"

அவன் அப்பாவைப் பார்த்தான். "நீங்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்" என்றான், ஆங்கிலத்தில்தான். முரளி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, கண்ணீரை மறைக்கத்தான்.

அதன்பின் மெரேனா, தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். மதிப்பெண்ணைப் பையனுக்கோ வீட்டாருக்கோ சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். "யோகன், அறிக்கையை வாசி. முழுவதும்" என்றார். வாசித்தேன். எறி ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் இருந்து வருகிறது. கேட்சர் சொல்வதைக் கேட்கிறான். கூட்டாளி தவறவிட்டால் முகம் மாறுவதில்லை. வளர்ந்தபின் வேகம் ஐம்பத்தைந்து, கட்டுப்பாடு அறுபது. உடல்நிலை: மோதிர, சுண்டு விரல்களில் மரப்பு, பதினொரு முறை, உடனே ஓய்வும் பரிசோதனையும் தேவை. வாசித்து முடித்தபோது மெரேனா நகுலிடம் சொன்னார். "இதில் ஒரு எண்ணும் இன்றைக்கு மாறவில்லை. கடைசி வரி மட்டும்தான் புதிது."

பரிசோதனையில் தசைநார் பாதி கிழிந்திருந்தது தெரிந்தது. அறுவை தேவைப்படவில்லை. ஒரு வருடம் எறியக்கூடாது என்றார் டாக்டர். கிளப் அவன் கோப்பை மூடியது. முரளி இரண்டு வருடம் கோயிலில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நகுல் வேகமாக எறிவதை விட்டு மட்டையைப் பிடித்துக்கொண்டான். படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான், சனிக்கிழமைகளில் நார்த் ஷோரில் ஆடுகிறான். இரண்டு கையாலும் தயிர் வாளி தூக்கிக்கொண்டு அன்னதானத்தில் பரிமாறுகிறான். முரளியும் இப்போது என்னோடு பேசுகிறார்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் டிராஃப்டுக்கு முன் அமெரிக்காவில் ஒரு கூட்டம் நடக்கும். கிளப்பின் எல்லாப் பகுதி ஆட்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பையனாகப் பேசித் தீர்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் இருந்து மெரேனா ஒருவர்தான் போவார். பசிபிக்கில் இருந்து வந்த பெண்ணின் பேச்சுக்கு அந்த மேசையில் எல்லோரும் காது கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நகுல் விவகாரம் நடந்த வருடம் அவர் போகவில்லை. முழங்கால் சரியில்லை என்றார். அடுத்த வருடமும் முழங்கால்தான். பிறகு ஓய்வு பெற்றார், அவர் இடம் எனக்கு வந்தது. கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

அங்கே சுவர் முழுவதும் பையன்களின் பெயர்கள் காந்த அட்டைகளில் ஒட்டியிருந்தன. கார்லுக்கு வயதாகியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது மெரேனாவின் நாற்காலி. உங்கள் இடக்கைக்காரனுக்காக இதை இழந்தார்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். எங்களுக்காக ஒதுக்கிய நாலு நாளை, பயணம் நின்றபின் வேறு ஊருக்கு மாற்ற முடியவில்லை. அதில் அவர் போகாமல் விட்ட ஒரு பள்ளிக்கூட ஆட்டத்தில் ஒரு பையன் நன்றாக ஆட, மற்ற கிளப்புகளின் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். பின்னால் வேறு கிளப் எடுத்து, அவன் பெரிய ஆட்டக்காரனாக வந்துவிட்டான். யார் அந்த நாலு நாளை வீணாக்கியது என்று அந்த ஆட்டம் முடிந்தவுடனேயே மேலிடத்தில் விசாரித்தார்கள். மெரேனா பதில் எழுதினார். 'இரண்டாம் முறை நான் நேரில் பார்க்காமல் பரிந்துரைத்தேன். பிழை என்னுடையது.' அதில் என் பெயரே இல்லை. அந்த வருடமே அவரைக் கூட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். அன்று பின்னேரம் பையன்களைப் பற்றி என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆக்லாந்துக்கு வந்து இறங்கிய மறுநாளே மெரேனா வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் நன்றாகத்தான் மடிந்தது. கார்ல் சொன்னதை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே கட்டினார்.

"என் பெயரைச் சொல்லியிருக்கலாமே. உண்மையும் அதுதானே. நீங்கள் ஏன் அந்தப் பழியை ஏற்கவேண்டும்?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நன்றி சொல்லப் போனவன் சண்டை பிடிப்பது மாதிரி நின்றேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சொல்லியிருந்தால், அடுத்த முறை ஒரு பிள்ளையின் கை போகப்போகிறது என்று தெரியும்போது நீ எனக்கு போன் எடுத்திருப்பாயா?"

நான் அடுத்த கம்பை அவரிடம் நீட்டினேன். போன் எடுத்திருக்க மாட்டேன்.